சிம்பன்சி மென்ற கசப்புத் தண்டு முதல் இலங்கைத் தென்னந்தோட்டம் வரை: மைக்கேல் ஹஃப்மனின் ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்கேல் ஹஃப்மன் யார்? குரங்கு, குடற்புழு, விவசாயம் மூன்றும் ஒருவரிடம் எப்படிச் சேர்ந்தன?

அமெரிக்கர். இளம் வயதிலேயே ஜப்பானுக்குப் போய், குரங்கியல் அறிஞர் ஜூனிச்சிரோ இதானியிடம் பயின்று, கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் ஆய்வாளராக இருந்தவர். கியோட்டோ நகரின் ஓரத்தில் அரஷியாமா என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்குள்ள குரங்குக் கூட்டத்தில் 1979 டிசம்பரில் ஒரு இளம் பெண் குரங்கு கூழாங்கற்களைக் குவித்து விளையாடியதைக் குறித்துவைத்தார். சில ஆண்டுகளில் கூட்டத்தின் குட்டிகள் பெரும்பாலும் கல் விளையாட்டில் இறங்கிவிட்டன. ஒரு பழக்கம் ஒரு குரங்கிடமிருந்து இன்னொன்றுக்கு எப்படித் தொற்றுகிறது என்ற கேள்வி அங்கே பிடித்துக்கொண்டது. பிறகு தான்சானியாவில் சிம்பன்சிகளைப் பார்க்கப் போன இடத்தில் அதே கேள்வி மருந்துப் பக்கம் திரும்பியது. மருந்து என்றால் நோய்; காட்டில் நோய் என்றால் பெரும்பாலும் ஒட்டுண்ணி. அப்படித்தான் புழு உள்ளே வந்தது. விவசாயம் வந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. கீழே வரும்.

1987இல் மஹாலே மலையில் என்ன நடந்தது?

மஹாலே மலைத்தொடர் தாங்கனிக்கா ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. தொஷிசாதா நிஷிதா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1965இல் அங்கே சிம்பன்சி ஆய்வைத் தொடங்கினார். 1985இல் அது தேசியப் பூங்கா ஆனது.

1987 நவம்பரில் ஹஃப்மனும் மொஹமதி செய்ஃபு கலுண்டேயும் சௌசிகு என்ற பெண் சிம்பன்சியைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். கலுண்டே பூங்காவில் வேலை பார்த்தவர். தோங்வே இனத்தைச் சேர்ந்த பாரம்பரிய வைத்தியரும்கூட. சௌசிகுக்கு உடம்பு சரியில்லை. பகலிலேயே படுத்துக்கொண்டது, இரை தேடவில்லை, சிறுநீர் கறுத்துப் போயிருந்தது, வயிறும் சரியில்லை. மற்ற சிம்பன்சிகள் சாதாரணமாகத் தொடாத ஒரு செடியிடம் போய், இளங்கிளை ஒன்றை ஒடித்து, பட்டையையும் இலைகளையும் நீக்கிவிட்டு, உள்ளிருக்கும் மெத்தென்ற தண்டை மட்டும் மென்று சாற்றை உறிஞ்சியது. சக்கையைத் துப்பிவிட்டது. செடி வெர்னோனியா அமிக்டாலினா; கடும் கசப்பு.

கலுண்டேக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவர்கள் ஊரில் அது ம்ஜொன்சோ. மலேரியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் குடற்புழுவுக்கும் அதன் இலையைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்பார்கள். மறுநாள் சௌசிகு பழையபடி நடமாடி இரை தின்றது. ஹஃப்மனும் கலுண்டேயும் 1989இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கட்டுரையில் கலுண்டேயின் பெயரும் ஆசிரியராகவே வந்தது. உள்ளூர் ஆட்களைக் கடைசியில் 'நன்றி' வரியில் தள்ளிவிடுவது வாடிக்கையாக இருந்த துறையில் இது பாராட்ட வேண்டிய விஷயம் என்பது என் எண்ணம். அவர் இல்லாவிட்டால் 'சிம்பன்சி ஏதோ தண்டைத் தின்றது' என்பதோடு அந்த நாட்குறிப்பு முடிந்திருக்கும்.

கலுண்டே குடும்பத்தில் இன்னொரு கதையும் உண்டு. அவருடைய பாட்டனார் காலத்தில், நோயுற்ற முள்ளம்பன்றி ஒன்று முலெங்கெலெலே என்ற செடியின் வேரைத் தோண்டித் தின்று தேறியதைப் பார்த்து, ஊரில் பரவிய சீதபேதி போன்ற நோய்க்கு அந்த வேரைக் கொடுத்தாராம். ஊர் அதுவரை நச்சென்று ஒதுக்கிய செடி அது.

ஒரு சிம்பன்சி ஒரு செடியைத் தின்று மறுநாள் தேறியது. இதை மருந்து என்று எப்படிச் சொல்வது?

நியாயமான கேள்வி. அந்த ஒரு நாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஹஃப்மனும் சொல்லவில்லை. 'மருந்தாக இருக்கக்கூடிய செடி' என்றுதான் கட்டுரைத் தலைப்பிலேயே எழுதினார். பிறகு சேர்ந்த சான்றுகளைத்தான் பார்க்க வேண்டும்.

1991இல் இன்னொரு பெண் சிம்பன்சி அதே தண்டை மென்றது. அதன் சாணத்தில் முடிச்சுப் புழுவின் முட்டைகளை எண்ணினார்கள். மெல்லும் முன் ஒரு கிராமுக்கு 130. இருபது மணி நேரம் கழித்து 15. மழைக்காலத்தில் மற்ற சிம்பன்சிகளுக்கு முட்டை எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தபோது இந்த ஒன்றுக்கு மட்டும் இறங்கியது.

அடுத்தது வேதியியல். கியோட்டோவில் கோயிச்சி கொஷிமிசு, ஹஜிமே ஒஹிகாஷி இருவரின் குழு செடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தது. இலையிலும் பட்டையிலும் வெர்னோடாலின் என்ற பொருள் நிறைய. அது வீரியமானது, அளவு மிஞ்சினால் நஞ்சு. உள்தண்டில் வெர்னோனியோசைடு பி1 என்ற, வீரியம் குறைந்த ஆனால் ஒட்டுண்ணிகள்மேல் வேலை செய்யும் பொருள். சிம்பன்சி பட்டையை உரித்து எறிவதற்கு இப்போது ஒரு காரணம் தெரிகிறது.

பசிக்காகத் தின்னவில்லை என்பதற்கும் குறிப்பு இருக்கிறது. ஒரு தடவை மெல்வது ஒரு நிமிடத்திலிருந்து எட்டு நிமிடம் வரைதான். பக்கத்தில் இருக்கும் ஆரோக்கியமான பெரிய சிம்பன்சிகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இருந்தாலும், காட்டு விலங்கில் சோதனைக்கூடம்போல 'இதற்கு மருந்து, அதற்கு வெறும் தண்ணீர்' என்று பிரித்துச் சோதிக்க முடியாது. கசப்புத் தண்டு மெல்லும் காட்சியே அரிது. இந்தத் துறையை நம்பிப் படிக்கும் நானும் இந்தப் பலவீனத்தை மறைக்க மாட்டேன். இதைவிட உறுதியான சான்று அடுத்த பழக்கத்தில் இருக்கிறது.

மெல்லாமல் இலையை விழுங்குவது என்கிறார்களே, அது என்ன?

1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ராங்கம் தான்சானியாவின் கோம்பேயில் இதைக் கவனித்தார். சிம்பன்சிகள் காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், ஆஸ்பிலியா செடியின் இலையை ஒவ்வொன்றாகப் பறித்து, நாக்கால் மடித்து, மெல்லாமல் மாத்திரைபோல விழுங்கின. சாணத்தில் இலை அப்படியே முழுசாக வந்தது. சத்து எதுவும் இறங்கவில்லை. அப்புறம் எதற்குத் தின்ன வேண்டும்?

முதலில் எல்லாரும் ரசாயனத்தைத் தேடினார்கள். 1980களில் அந்த இலையில் தையாருப்ரின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இருப்பதாகச் செய்தி வந்து பரபரப்பானது. பின்னர் வந்த ஆய்வுகளில் அந்த விளக்கம் நிற்கவில்லை. வேறு வேறு காடுகளில் சிம்பன்சிகள் விழுங்கும் இலைகளைப் பட்டியலிட்டால் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றுக்குள் பொதுவான ரசாயனம் கிடையாது. பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: எல்லா இலையும் சொரசொரப்பு. மேல்புறம் நுண்ணிய முள்மயிர்.

1990களில் ஹஃப்மனும் கூட்டாளிகளும் மஹாலேயில் சாணத்தை அலசி அலசிப் பார்த்தார்கள். முழு இலைகள் வந்த சாணத்தில் முடிச்சுப் புழுக்களும் வந்திருந்தன. சில புழுக்கள் இலை மடிப்புக்குள். அதைவிட முக்கியம், அவை உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. மருந்து கொன்றிருந்தால் செத்துத்தானே வந்திருக்க வேண்டும்? ஆகவே இது கெமிக்கல் வேலை இல்லை. வெறும் வயிற்றில் சொரசொரப்பான, செரிக்காத பொருள் போனதும் குடல் வேகமாக அசைந்து, சுமார் ஆறு மணி நேரத்தில் எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிறது. குடலின் உள்ளே தளர்வாகப் பிடித்திருக்கும் புழுக்கள் கூடவே அடித்துக்கொண்டு போகின்றன. உகாண்டாவின் கிபாலே காட்டில் நாடாப்புழுத் துண்டுகளும் இலை விழுங்கலும் சேர்ந்து வருவதை ராங்கம் பின்னர் காட்டினார்.

முடிச்சுப் புழு லேசுப்பட்டதல்ல. அதன் இளம்புழுக்கள் குடல் சுவரைத் துளைத்து முடிச்சுகளாக உட்கார்ந்துகொள்ளும். வலி, வயிற்றுப்போக்கு, இரண்டாம் நிலைத் தொற்று என்று போகும். மழை தொடங்கியதும் தொற்று கூடும், இலை விழுங்குவதும் கூடும். ஒரு மிருகம் வருடத்தின் எந்த மாதத்தில் என்ன தின்கிறது என்று நாள்கணக்கில் எழுதிவைத்ததால் தெரிந்த விஷயம் இது. ஆய்வகத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்திருக்காது.

குட்டிகளுக்கு இதை யார் சொல்லித்தருகிறார்கள்?

உட்காரவைத்துப் பாடம் நடத்துவது கிடையாது. குட்டி தாயின் அருகிலிருந்து பார்க்கிறது. தாய் போட்ட தண்டை எடுத்து ருசி பார்த்து முகம் சுளிக்கிறது. 2004இல் ஹஃப்மனும் சதோஷி ஹிராட்டாவும் வெளியிட்ட ஒரு சோதனை சுவாரசியமானது. கூண்டில் வளர்ந்த சிம்பன்சிகளுக்குச் சொரசொரப்பான இலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில தாமாகவே, யாரும் காட்டாமல், மடித்து விழுங்கின. சில மென்று தின்றன. சில தொடவே இல்லை. பின்னர், விழுங்கும் துணையைப் பார்த்தவற்றில் சில தாமும் விழுங்க ஆரம்பித்தன. சொரசொரப்பான பொருளை மெல்லப் பிடிக்காமல் விழுங்கிவிடும் இயல்பு முதலில்; அது வயிற்றுக்குச் சுகம் தந்ததும் பழக்கமாகிக் கூட்டத்தில் பரவுவது இரண்டாவது. 'மிருகத்தின் அற்புத ஞானம்' என்று உருகுவதைவிட இந்த விளக்கம் எனக்குப் பிடிக்கிறது.

மற்ற விலங்குகளிடம் உண்டா?

உண்டு. வீட்டு நாயும் பூனையும் புல் தின்பதை எல்லாரும் பார்த்திருப்போம். கொரில்லாவும் பொனோபோவும் இலை விழுங்குகின்றன. சுமத்ராவில் ராக்குஸ் என்ற ஒராங்குட்டான் 2022இல் முகத்துக் காயத்தில் ஒரு மூலிகைக் கொடியை மென்று பூசியது 2024இல் உலகச் செய்தியானது. அதே ஆண்டு உகாண்டாவின் புடோங்கோ காட்டுச் சிம்பன்சிகள் தின்னும் 13 செடி இனங்களைச் சோதித்த குழு, பெரும்பாலான மாதிரிகள் பாக்டீரியாவைத் தடுப்பதாகச் சொன்னது.

அப்படியானால் நாமும் அந்தச் செடியைச் சாப்பிடலாமா?

மேற்கு ஆப்பிரிக்காவில் தினமும் சாப்பிடுகிறார்கள். நைஜீரியாவின் 'கசப்பு இலை'ச் சூப் இந்தச் செடிதான். கசப்பு போகும்வரை கசக்கிக் கழுவிச் சமைப்பார்கள். நம் பக்கத்தில் சித்த வைத்தியம் புழுவுக்குக் கொடுக்கும் காட்டுச்சீரகமும் நெருங்கிய சொந்தக்காரச் செடியே. ஆனால் குரங்கு தின்றதால் பாதுகாப்பு என்ற கணக்கு மட்டும் வேண்டாம். சிம்பன்சி எதைத் தள்ளுகிறது என்பதுதான் விஷயமே. பட்டையை எறிந்துவிட்டுத் தண்டைத் தின்றதைப் பார்க்காமல், செடியைப் பிடுங்கி மிக்ஸியில் அடித்துக் குடிப்பவர்களை நினைத்துத்தான் பயம்.

ஆடு மாடு வளர்ப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது?

விவசாயம் முதலில் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். உலகம் முழுக்க ஆடுகளின் குடற்புழுக்கள் மருந்துக்கு அடங்காமல் போய்க்கொண்டிருக்கின்றன. ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு அல்பெண்டசோலுக்கும் ஐவர்மெக்டினுக்கும் பல நாடுகளில் அசைவதில்லை. மந்தை முழுதுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் மருந்து ஊற்றியதன் விளைவு அது. பிழைத்த புழு எல்லாம் மருந்தைத் தாங்கும் புழு.

இதற்கு நேர் எதிராக இருக்கிறது சிம்பன்சியின் வழி. நோய் வந்தபோது மட்டும், நோய் வந்த ஆள் மட்டும், கொஞ்சமாக. புழுவை அடியோடு ஒழிப்பது நோக்கமில்லை, தாங்கும் அளவுக்குக் குறைத்தால் போதும். ஹஃப்மன் தன் கட்டுரைகளில் கால்நடை வளர்ப்புக்கு இதிலிருந்து கற்க வேண்டியது இருக்கிறது என்று தொடர்ந்து எழுதிவந்தார். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹுவான் வில்லால்பாவின் குழு செம்மறிக்குட்டிகளிடம் கிட்டத்தட்ட இதையே பார்த்தது. வயிற்றில் புழு இருந்த குட்டிகள் டானின் நிறைந்த துவர்ப்புத் தீவனத்தை விரும்பி எடுத்தன, புழு குறைந்ததும் அந்த விருப்பமும் குறைந்தது. பலவகைச் செடிகள் உள்ள மேய்ச்சல் நிலம் இருந்தால்தானே ஆடு தேர்ந்தெடுக்க முடியும்? ஒரே புல்லை விதைத்து வேலியடைத்த மேய்ச்சலில் அதற்கு வழியில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான வேலை ஒன்று நடந்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் கால்நடைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி, மடிவீக்கத்துக்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்துப் பூசும் முறையையும் குடற்புழுவுக்கு வேம்பு, தும்பை, பாகல் போன்றவை சேர்ந்த உருண்டையையும் பரப்பினார். தேசியப் பால்வள வாரியம் இந்த மரபுவழி மருத்துவத்தைக் கூட்டுறவுப் பால் சங்கங்கள் வழியாக எடுத்துச்செல்கிறது. இதில் என் கருத்து இதுதான். புழு மருந்துச் செலவைக் குறைக்கும் எந்த வழியையும் சாணத்தில் முட்டை எண்ணிப் பார்த்துப் பரப்பினால் நல்லது. எண்ணாமல், 'பாரம்பரியம்' என்ற பெயருக்காக மட்டும் பரப்பினால் அதுவும் மூன்று மாத மருந்தைப் போலத்தான்.

குரங்குக் கூட்டத்தில் புழு எப்படிப் பரவுகிறது?

ஜப்பானின் யாகுஷிமா தீவில் ஆண்ட்ரூ மெக்கின்டாஷ், ஹஃப்மன் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டத்தின் நடுவில் எல்லாருடனும் பழகும் பெண் குரங்குகளுக்கே புழு அதிகம் இருந்தது. பதவிக்கு விலை உண்டு! கோஷிமா தீவில் செசில் சரபியனும் மெக்கின்டாஷும் 2015இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: உணவைத் துடைத்து, அசுத்தமான இடத்தை ஒதுக்கிச் சாப்பிடும் குரங்குகளுக்கு மண்வழிப் புழு குறைவு. 1950களில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கழுவித் தின்ற குரங்கால் பெயர்பெற்ற அதே கோஷிமாதான்.

ஹஃப்மனுக்கு இலங்கையோடு என்ன தொடர்பு?

இலங்கையைச் சேர்ந்த சார்மலி நஹல்லகே கியோட்டோவில் ஆய்வுப் பட்டத்துக்கு வந்து, ஹஃப்மனோடு ஜப்பானியக் குரங்குகளின் கல் விளையாட்டை ஆராய்ந்தார். நாடு திரும்பி ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபடி, இருவரும் சேர்ந்து தீவின் குரங்கினங்கள் எங்கெங்கே இருக்கின்றன, ஊர்மக்கள் அவற்றைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று மாவட்டம் மாவட்டமாகக் கேட்டார்கள். 2013இல் இலங்கைக் குரங்கினங்களில் மனிதருக்கும் தொற்றக்கூடிய நான்கு ஒட்டுண்ணிகளின் பரவல் பற்றிய முதற்கட்ட ஆய்வையும் வெளியிட்டார்கள். குரங்கின் நடத்தை, அதன் புழு, பக்கத்து விவசாயி மூன்றும் ஒரே நோட்டில் வந்தது இங்கேதான்.

இலங்கையில் தொல்லை என்று பேசப்படுவது முக்கியமாக ரிலவா. தீவுக்கே உரிய இனம், தலைமுடி தொப்பி வைத்ததுபோலப் பரந்திருக்கும், நம் நாட்டுக்குரங்கின் நெருங்கிய உறவு. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அருகிவரும் இனம். ஒரு பக்கம் அழியும் ஆபத்து, இன்னொரு பக்கம் தென்னை முழுக்கக் குரும்பட்டியைப் பிடுங்கிப் போடும் கூட்டம். இரண்டும் உண்மை. காட்டைத் திருத்தி வயலும் குடியேற்றமும் ஆக்கிய இடங்களில் மிஞ்சியிருக்கும் கூட்டங்களுக்கு, காட்டுப் பழத்தைவிடத் தோட்டமும் குப்பைமேடும் எளிதாகக் கிடைக்கின்றன. கோயில் வாசலிலும் சுற்றுலா இடத்திலும் நாம் கொடுக்கும் வாழைப்பழமும் பிஸ்கட்டும் வேறு.

பொலன்னறுவையில் 1968 முதல் இந்தக் குரங்கை ஆராய்ந்துவரும் வொல்ஃப்கேங் டிட்டஸின் வேலை இங்கே முக்கியம். சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்தால் குட்டிகள் பிழைப்பது குறையும். கூடுதல் சாப்பாடு கிடைத்தால் கூட்டம் பெருகும். 2006இல் அவரும் சேர்ந்து வெளியிட்ட ஒரு ஆய்வில், மனிதரும் கால்நடையும் அசுத்தப்படுத்திய மண்ணையும் நீரையும் புழங்கும் குரங்குகளிடம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்கு ஒட்டுண்ணி தெரிந்தது. குரங்கிடமிருந்து நமக்கு நோய் வருவதாக மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் குப்பையும் சாணமும் அவற்றுக்குக் கொடுத்ததும் கணக்கில் வர வேண்டும்.

ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்களே, என்ன ஆயிற்று?

2023 ஏப்ரலில் இலங்கையின் அப்போதைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர அறிவித்தார். சீனாவின் உயிரியல் பூங்காக்களுக்கு என்று சொல்லப்பட்டது. கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் தனக்கு எதுவும் தெரியாது என்றது. பூங்காக்களுக்கு ஒரு லட்சம் ஒரே இனக் குரங்கு எதற்கு, ஆய்வுக்கூடத்துக்கா என்ற சந்தேகம் எழுந்தது. சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. அந்த ஆண்டின் நடுவிலேயே, அனுப்பும் திட்டம் இல்லை என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

அந்த நேரத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2021இல் ரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடைசெய்து சில மாதங்களில் பின்வாங்கினார்கள். 2022இல் நாடே பொருளாதாரத்தில் விழுந்தது. விளைச்சல் பாதியாகிக் கிடந்த விவசாயிக்குக் குரங்கு பிடுங்கும் பத்துத் தேங்காயும் பெரிய இழப்பு. அவர் கோபம் நியாயம். அந்தக் கோபத்துக்குக் கொடுத்த பதில்தான் நியாயமாக இல்லை.

2025இல் ஐந்து நிமிடக் கணக்கெடுப்பு நடந்தது உண்மையா?

உண்மை. மார்ச் 15, சனிக்கிழமை, காலை 8.00 முதல் 8.05 வரை அவரவர் வளவிலும் வயலிலும் தென்படும் குரங்கு, மயில், பன்றி முதலியவற்றை எண்ணிப் படிவத்தில் எழுதச் சொன்னார்கள். ஒரே நேரத்தில் எண்ணினால் இரட்டிப்பு வராது என்பது யோசனை. ஆனால் ஐந்து நிமிடத்தில் ஒரு கூட்டம் மூன்று வீட்டுக் கூரை தாண்டும். மூன்று வீட்டாரும் எழுதியிருப்பார்கள். காட்டுக்குள் இருந்ததை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கள ஆய்வாளர்கள் எதிர்த்ததில் வியப்பில்லை.

என் வருத்தம் எண்ணிக்கை தப்பு என்பதைவிட வேறு. எத்தனை குரங்கு என்பதையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். எந்தக் கூட்டம், எந்த மாதம், எந்தப் பயிர், எந்தக் குப்பைமேட்டின் அருகில் என்று கேட்டால்தான் செய்ய ஏதாவது கிடைக்கும். மஹாலேயில் பலன் கொடுத்தது இந்த வகைக் கேள்விதான்.

பிடித்து வேறு காட்டில் விடலாமே? கருத்தடை?

பிடித்து விடுவது தொல்லையை இடம் மாற்றும் வேலை. போன இடத்திலும் குரங்கு தோட்டத்தைத்தான் தேடும்; கூடவே தன் புழுக்களையும் நோய்களையும் அங்குள்ள கூட்டத்துக்குக் கொண்டுபோகும். பழைய இடத்தில் உணவு அப்படியே கிடந்தால் பக்கத்துக் கூட்டம் வந்து நிரப்பும்.

கருத்தடைக்கு இமாச்சலப் பிரதேசம் பெரிய உதாரணம். 2006-07 முதல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகளுக்குச் செய்திருக்கிறார்கள். இருந்தும் விவசாயிகளின் முறையீடு நிற்கவில்லை. குரங்கு இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும், கருத்தடை செய்த குரங்குக்கும் பசிக்கும். குப்பையைக் கட்டுப்படுத்துவதோடு சேர்த்து, ஒரு சிறு பகுதியில் விடாமல் செய்தால் பயன் உண்டு. தனியாகச் செய்தால் காசுதான் போகும்.

ஜப்பான்காரர்கள் தங்கள் குரங்கை என்ன செய்கிறார்கள்?

குரங்கைப் போற்றும் நாடு என்ற பிம்பத்துக்கு இது கொஞ்சம் அதிர்ச்சி. 1947இல் ஜப்பான் குரங்கு வேட்டையைத் தடைசெய்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மரத்தேவைக்காக இயற்கைக் காட்டை வெட்டி தேவதாரு வகை மரங்களை வரிசையாக நட்டார்கள். அந்தக் காட்டில் குரங்குக்குத் தின்ன எதுவும் இல்லை. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, மலைக்கிராமங்களில் முதியவர்களும் பறிக்க ஆளில்லாத சீமைப்பனிச்சை மரங்களும் மிஞ்சின. குரங்கு இறங்கி வந்தது. இன்று ஆண்டுக்கு 20,000க்கும் அதிகமானவை பிடித்துக் கொல்லப்படுகின்றன. 2014இல் அரசு ஒரு இலக்கு வைத்தது: பயிரைச் சேதப்படுத்தும் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தாண்டில் பாதியாக்குவது.

கொல்வதைப் பற்றி எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் அந்த இலக்கில் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: கூட்டம். குரங்கின் தலையை எண்ணாமல், சேதம் செய்யும் கூட்டத்தை அடையாளம் கண்டு அதற்கென்று திட்டம் போடுகிறார்கள். வலையும் மின்கம்பியும் சேர்ந்த வேலி, பயிற்சி கொடுத்த நாய், ஊரே சேர்ந்து விரட்டுவது, பறிக்காத பழமரங்களை வெட்டுவது என்று கிராமத்தோடு சேர்ந்த வேலைகள் அதில் இருக்கின்றன. ஒரு வீடு வேலி போட்டுப் பக்கத்து வீடு போடாவிட்டால் வேலை நடக்காது என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

குரங்கின் ஒட்டுண்ணி விவசாயியைத் தொடுவதற்கு வேறு உதாரணம் உண்டா?

நமக்கு மிக அருகிலேயே. கியாசனூர் காட்டுக் காய்ச்சல், மக்கள் வழக்கில் குரங்குக் காய்ச்சல், 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. வைரஸைச் சுமப்பது உண்ணி. குரங்கு இறந்து விழுந்த இடத்தில் அதன் உடம்பிலிருந்த உண்ணிகள் பரவி, அந்தக் காட்டுத்தரையே ஆபத்தாகிறது. பாக்குத் தோட்டத்துக்கு உரமாகக் காட்டுச் சருகு அள்ளப் போகிறவர்களும் மாடு மேய்ப்பவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். வளர்ந்த உண்ணிகளுக்குப் பெரிய இரை மாடுதான். காட்டுக்குள் மேய்ச்சல் கூடினால் உண்ணியும் கூடும். 2013 வாக்கில் நீலகிரியிலும் வயநாட்டிலும் தடயம் தெரிந்தது. இதில் குரங்கும் பலியாள்தான். அது கொத்தாகச் சாவது ஊருக்கு முன்னறிவிப்பு, ஆகவே செத்த குரங்கைத் தொடாமல் உடனே வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

மலேசியாவில் இன்னொரு கதை. 2004இல் பல்பீர் சிங் குழு சரவாக்கின் காப்பிட் பகுதியில், குரங்கு மலேரியாவான நோலெசி மனிதரிடம் பரவலாக இருப்பதைக் காட்டியது. 2018 முதல் அந்நாட்டில் வழக்கமான மனித மலேரியா உள்ளூரில் பரவவில்லை, நோலெசி மட்டும் நிற்கவில்லை. காடு வெட்டித் தோட்டமாகும் ஓரங்களில், அங்கே வேலைசெய்யும் ஆண்களுக்கே அதிகம். மரம் வெட்ட அனுமதி கொடுக்கும் அலுவலகமும் மலேரியா அலுவலகமும் தனித்தனிக் கட்டடத்தில் இருக்கும்வரை இது குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊர்க் குரங்குகளுக்குப் பழத்தில் வைத்துப் புழு மருந்து கொடுக்கலாமா?

வேண்டாம். யாருக்கு எவ்வளவு போனது என்று தெரியாது. வலுத்த ஆணே எல்லாவற்றையும் தின்றுவிடும். அரைகுறை அளவு புழுவுக்கு மருந்தைப் பழக்கும், ஆட்டில் நடந்ததுபோல. உணவு வைத்துப் பழக்குவதே தொல்லையின் பாதி.

குரங்கு கடித்தாலோ கீறினாலோ?

உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசியும் டெட்டனஸ் ஊசியும் பற்றிக் கேளுங்கள். கீறல் சின்னதுதானே என்று விட்டுவிட வேண்டாம்.